கவர்னர் மாளிகை என்பது என்ன? மொரீஷியஸின் இரண்டு வீடுகளை வைத்து ஒரு விளக்கம்

"ராஜாவே இல்லாத தீவுல அரண்மனை எதுக்கு சார்?"

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் நான் எடுக்கும் தமிழ் வகுப்பில் ஒரு பையன் இப்படிக் கேட்டான். பாடத்தில் ரெதுயி மாளிகையின் படம் வந்திருந்தது. வெள்ளைச் சுவர், நீண்ட வராந்தா, எதிரே புல்வெளி. பார்த்தவுடன் யாருக்கும் அரண்மனை என்றுதான் தோன்றும். ஆனால் அவன் சொன்னது உண்மை. தஞ்சாவூரில் அரண்மனை இருக்கிறது என்றால் அங்கே நாயக்கரும் மராட்டியரும் ஆண்டார்கள். மதுரை மகாலுக்குத் திருமலை நாயக்கர் இருந்தார். மொரீஷியஸில் அப்படி யார் இருந்தார்கள்? டச்சுக்காரர்கள் 1638ல் வந்து இறங்கும்வரை இந்தத் தீவில் நிலையாக மனிதர் வாழ்ந்ததே இல்லை. அவர்களும் தாக்குப்பிடிக்க முடியாமல் 1710ல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 1715ல் பிரெஞ்சுக்காரர்கள் தீவு எங்களுடையது என்று கொடி நட்டு, 1721ல் குடியேறத் தொடங்கினார்கள். 1810ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1968ல் சுதந்திரம். இதில் எங்கேயும் உள்ளூர் ராஜா கிடையாது. ஆனாலும் மாளிகை ஒன்றுக்கு இரண்டாக நிற்கிறது: போர்ட் லூயிஸ் நகர நடுவில் அரசு இல்லம், மலைப்பக்கம் மோக்கா ஓரத்தில் ரெதுயி.

இந்த இரண்டையும் வைத்து, கவர்னர் மாளிகை என்பது என்ன, அது எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லப் பார்க்கிறேன். சென்னை கிண்டியிலோ புதுச்சேரியிலோ இருக்கும் கவர்னர் மாளிகையை அடுத்த முறை கடந்து போகும்போது அதையும் இதே கண்ணால் பார்க்கலாம்.

முதலில் ஆளைப் பற்றி. கவர்னர் ராஜா அல்லர். ராஜாவின் உறவினர்கூட அல்லர். அவர் ஒரு சம்பளக்காரர். பிரெஞ்சுக் காலத்தின் முதல் பாதியில் அவர் பிரான்ஸ் அரசரின் ஆள்கூட இல்லை, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஊழியர். கும்பெனி நொடித்துப்போன பிறகு, 1767ல்தான் தீவு நேரடியாக அரசரின் நிர்வாகத்துக்கு வந்தது. மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு கடிதத்தில் திரும்ப அழைத்துவிடுவார்கள். வீடு அவருக்குச் சொந்தமில்லை. வங்கி மேலாளருக்குக் கிடைக்கும் குவார்ட்டர்ஸ் மாதிரிதான்: பதவி இருக்கும்வரை இருக்கலாம், மாற்றல் வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

அப்படியானால் சம்பளக்காரருக்கு ஏன் இவ்வளவு பெரிய வீடு? தூரம்தான் காரணம். பிரான்சிலிருந்து பாய்மரக் கப்பல் இங்கே வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். ஒரு கேள்வி எழுதி அனுப்பி, பதில் வருவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். அந்த ஒரு வருடமும் கவர்னர்தான் சட்டம், கவர்னர்தான் படைத்தலைவர், கவர்னர்தான் கஜானா. ஆனால் அவரிடம் இருந்த படையோ கொஞ்சம். ராஜாவின் முகத்தை இங்கே யாரும் பார்த்ததில்லை. ஆகவே பார்க்காத ராஜாவைப் பார்த்தமாதிரி மக்களை நம்பவைக்க ஏதாவது ஒன்று வேண்டும். படிக்கட்டு, கொடிமரம், காவலாள், பெரிய சாப்பாட்டு மேசை எல்லாம் அதற்குத்தான். அந்த வீடே அரசாங்கத்தின் பாதி வேலையைச் செய்தது. தந்திக் கம்பி கடலடி வழியாக மொரீஷியஸை எட்டியது 1893ல்தான். அதுவரை லண்டனும் பாரிஸும் கவர்னரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்க்க வழியில்லை.

போர்ட் லூயிஸ் வீடு

மரியாதைக்கு ரெதுயி, வேலைக்குப் போர்ட் லூயிஸ். பழசும் போர்ட் லூயிஸ்தான். 1729ல் பதவிக்கு வந்த மோப்பேன் காலத்தில் தொடங்கிய சாதாரணக் கட்டடம் அது. 1735ல் லா பூர்தொனே கவர்னராக வந்த பிறகுதான் அதற்கு உருவம் வந்தது.

இந்த லா பூர்தொனே தமிழ்நாட்டு வரலாற்றுக்கும் தெரிந்த ஆள்தான். 1746ல் கப்பற்படையோடு போய்ச் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர் இவரே. அந்தப் படை மொரீஷியஸிலிருந்துதான் கிளம்பியது. பிடித்த கோட்டையை என்ன செய்வது என்பதில் புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேக்ஸோடு சண்டை மூண்டு, கடைசியில் பாரிஸில் பஸ்தீய் சிறையில் மூன்று வருடம் கிடந்தார். விடுதலையாகி வெளியே வந்தவர் 1753ல் இறந்துபோனார். கவர்னர் வேலையின் மறுபக்கம் இது. மாளிகையிலிருந்து சிறைக்கு ஒரே ஒரு கடிதத்தின் தூரம்.

அவர் வந்தபோது போர்ட் லூயிஸ் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கிடங்கு, மருத்துவமனை, கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை, குடிநீர்க் கால்வாய் எல்லாம் கட்ட வேண்டியிருந்தது. கட்டும் கைகளுக்கு எங்கே போவது? பாதிப் பதில் மடகாஸ்கரும் மொசாம்பிக்கும்: அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். மீதிப் பதில் புதுச்சேரி. கொத்தனார், தச்சர், கொல்லர் என்று தொழில் தெரிந்த தமிழர்கள் ஒப்பந்தம் பேசிச் சம்பளத்துக்கு வந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிவந்தது இதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து நடந்த கதை. 'நம் முன்னோர் கூலிக்காரராக வந்தார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இங்குள்ள தமிழர்களின் வழக்கம். அந்த வரி 1834க்குப் பிந்தைய கூட்டத்துக்குத்தான் பொருந்தும். அதற்கு முன்பே நகரின் கிழக்கு ஓரத்தில் சுதந்திரமான தமிழர்களின் குடியிருப்பு இருந்தது. தென்னிந்தியர் எல்லோரையும் 'மலபார்' என்று அழைத்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த இடத்துக்கு மலபார் கேம்ப் என்று பெயர் வைத்தார்கள். அங்கே கைத்தொழிலாளரும் வியாபாரிகளும் இருந்தார்கள். வசதியானவர்களும் இருந்தார்கள், அவர்களில் சிலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

கட்டடத்தின் அமைப்பைக் கவனியுங்கள். நடுவில் ஒரு பகுதி, இரு பக்கமும் முன்னால் நீளும் இரண்டு சிறகுகள், இடையில் முற்றம். மேலிருந்து பார்த்தால் 'ப' வடிவம். திறந்த பக்கம் துறைமுகத்தை நோக்கியிருக்கிறது. கப்பலிலிருந்து இறங்குபவர் நேராகச் சதுக்கத்தின் வழியே நடந்தால், இரண்டு சிறகுகளும் இரு பக்கமும் சூழ்ந்துகொள்ள, முற்றத்தின் உள்ளே போய் நிற்பார். வந்தவரைச் சிறிதாக்கிக் காட்டும் ஏற்பாடு இது. மேல்தளங்கள் பின்னால் சேர்ந்தவை. பிரெஞ்சுக் காலத்தின் கடைசி கவர்னர் தெக்கான் ஆட்சியில் மரத்தால் மேலே உயர்த்திக் கட்டினார்கள். அதனால்தான் கீழே கல்லின் கனமும் மேலே மரத்தின் இலேசும் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது போனால் வாசலில் விக்டோரியா மகாராணி பளிங்கில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் முற்றத்துக்குள் கவர்னர் ஸ்டீவன்சனின் சிலை. சதுக்கத்தின் மறுமுனையில், கடல் பக்கம், 1859 முதல் லா பூர்தொனே நிற்கிறார். பிரெஞ்சு கவர்னருக்கு ஆங்கிலேய ஆட்சியில் சிலை வைத்தார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புதிராக இருக்கும். விடை எளிது. 1810ல் தீவு கைமாறியபோது குடிகளின் சட்டம், மதம், வழக்கம் எதையும் தொடமாட்டோம் என்று ஆங்கிலேயர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொடிமரத்தில் கொடி மாறியது. மேசையில் மொழி மாறவில்லை. இன்றுவரை மாறவில்லை.

தொப்பியும் சாப்பாடும்

மாளிகை எப்படி வேலை செய்தது என்பதற்கு இந்த வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1803 டிசம்பர். ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரைபடம் போட்ட ஆங்கிலேய மாலுமி மேத்யூ ஃபிளிண்டர்ஸ், ஒழுகும் சிறு கப்பலோடு தெற்குக் கரையில் ஒதுங்கினார். பிரான்சோடு மறுபடியும் போர் தொடங்கிவிட்டது அவருக்குத் தெரியாது. கையில் பிரெஞ்சு அரசு கொடுத்த அனுமதிச் சீட்டு இருந்தது. ஆனால் அது வேறொரு கப்பலின் பெயருக்கு. போர்ட் லூயிஸுக்கு வந்து கவர்னர் தெக்கானைப் பார்த்தார். பல மணிநேரம் காக்கவைக்கப்பட்ட எரிச்சலில் தலையில் தொப்பியைக் கழற்றாமலே நின்றார். தெக்கான் சீட்டைப் பார்த்து, நீர் ஒற்றர் என்கிற மாதிரி பேசினார். இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. காவலில் வைத்தார்கள்.

அதற்கு அப்புறம்தான் கதையே. கவர்னர் வீட்டிலிருந்து சாப்பிட வாருங்கள் என்று அழைப்பு வந்தது. மாளிகை வழக்கப்படி அது சமாதானக் கொடி. மேசையில் உட்கார்ந்தால் முகம் இளகும், பேச்சு வளரும், காரியம் முடியும். ஃபிளிண்டர்ஸ் வரமாட்டேன் என்றார். கைதியாக அல்ல, விடுதலையான பிறகு கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அப்படியானால் விடுதலையான பிறகே கூப்பிடுகிறேன் என்று தெக்கானும் பதில் அனுப்பினார். அந்த விடுதலை வர ஆறரை வருடம் ஆனது. 1810 நடுவில்தான் அவர் தீவை விட்டுப் போனார்.

ஒரு சாப்பாட்டை மறுத்ததற்கு ஆறு வருடமா என்றால், அதுமட்டுமே காரணம் அல்ல. பாரிஸிலிருந்து பதில் வரத் தாமதமானது, போர் நடந்துகொண்டிருந்தது, தீவின் பலவீனம் அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. ஆனாலும் அந்த மேசையை வெறும் விருந்து என்று எண்ணிவிடக் கூடாது. மனு கொடுப்பது, மன்னிப்புக் கேட்பது, வேலைக்குச் சிபாரிசு பிடிப்பது எல்லாம் அங்கேதான் நடந்தன. அலுவலகம் எது, சாப்பாட்டு அறை எது என்ற பிரிவினை இந்த வகை வீடுகளுக்கு இல்லை.

மலைமேல் இரண்டாவது வீடு

போர்ட் லூயிஸில் வெயில் காலத்தில் ஒரு நாள் நின்றுபார்த்தவருக்கு இரண்டாவது வீடு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மலைகள் மூன்று பக்கமும் அடைத்துக்கொள்ள, காற்றே அசையாது. ரெதுயி அங்கிருந்து பத்து கிலோமீட்டர்தான். ஆனால் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். சென்னையிலும் இதே கணக்குதான்: திருவல்லிக்கேணிப் பக்கம் வேலைக்கு ஒரு அரசு இல்லம், ஓய்வுக்குக் கிண்டியில் ஒரு தோட்ட வீடு.

ஆனால் ரெதுயி பிறந்தது வெயிலுக்குப் பயந்து அல்ல, ஆங்கிலேயருக்குப் பயந்து. லா பூர்தொனேவுக்கு அடுத்து வந்த கவர்னர் பார்த்தெலெமி தவித் 1748ல் இதைத் தொடங்கினார். அதே 1748ல், புதுச்சேரியை முற்றுகையிடப் போய்க்கொண்டிருந்த பாஸ்கவனின் ஆங்கிலேயக் கப்பற்படை மொரீஷியஸ் கரைக்கு வந்து நோட்டமிட்டுவிட்டுப் போனது. எதிரி இறங்கினால் கும்பெனியின் பெண்களையும் பொக்கிஷத்தையும் எங்கே ஒளிப்பது என்ற கேள்விக்குத் தவித் கொடுத்த விடைதான் இந்த இடம். இரண்டு ஆறுகள் சேரும் முனை. இரு பக்கமும் ஆழமான பள்ளத்தாக்கு. இயற்கையே இரண்டு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். மீதமிருந்த பக்கத்துக்கு மதில், அகழி, தூக்குப்பாலம். முதலில் எழுந்தது பெரும்பாலும் மரவேலை. கறையானும் ஈரமும் தின்ற பிறகு, 1770களில் கல்லில் எடுத்துக் கட்டினார்கள். புயல்களும் சும்மா விட்டுவைக்கவில்லை. இப்போது நாம் பார்ப்பது பலமுறை பழுதுபார்த்த வீடு.

அந்த அகழி ஒருநாளும் சோதிக்கப்படவில்லை. 1810 நவம்பர் கடைசியில் ஆங்கிலேயப் படை வடக்கு முனையில் இறங்கி நேராகப் போர்ட் லூயிஸை நோக்கி நடந்தது. டிசம்பர் 3ல் தெக்கான் சரணடைந்தார். பொக்கிஷத்தைத் தூக்கிக்கொண்டு ரெதுயிக்கு ஓட யாருக்கும் நேரமுமில்லை, தேவையுமில்லை. வந்திறங்கிய படையில் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆக, இந்தத் தலைநகரைக் கட்டியதிலும் தமிழர் கை, பிடித்ததிலும் தமிழர் கால். இதைப் பெருமை என்று சொல்வதா, என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கோட்டையாகத் தோற்றுப்போன ரெதுயி தோட்டமாகப் பிழைத்துக்கொண்டது. 1750களில் ஃபூசே ஒப்லே என்ற தாவரவியலாளர் இங்கே மருந்துச் செடிகளையும் பழமரங்களையும் வளர்த்தார். அதே காலத்தில் பியேர் புவாவ்ர் டச்சுக்காரர்கள் பொத்திவைத்திருந்த ஜாதிக்காயின் கன்றுகளைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். கன்றுகள் பட்டுப்போயின. ஒப்லேதான் வேண்டுமென்றே கொன்றார் என்று புவாவ்ர் குற்றம் சாட்டினார். ஒப்லே கேட்டாரா? இது ஜாதிக்காயே இல்லை என்றார். பின்னால் புவாவ்ர் உயர் அதிகாரியாகத் திரும்பிவந்து பாம்ப்ளமூஸில் தன் தோட்டத்தைப் பெரிதாக்கினார். இன்று சுற்றுலாப் பயணிகள் ராட்சத அல்லிக் குளத்தைப் பார்க்கப் போவது அங்கேதான். ரெதுயித் தோட்டம் அழகு பார்க்கும் தோட்டமாகவே நின்றுவிட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் ரெதுயி விருந்து வீடானது. அவற்றில் ஒரு விருந்து மட்டும் உலகம் முழுக்கத் தபால்தலை சேகரிப்பவர்களுக்குத் தெரியும். 1847 செப்டம்பரில் மொரீஷியஸ் தன் முதல் தபால்தலைகளை வெளியிட்டது: ஒரு பென்னி ஆரஞ்சுச் சிவப்பு, இரண்டு பென்ஸ் நீலம். பார்னார்ட் என்பவர் செப்புத் தகட்டில் செதுக்கி, ஒவ்வொன்றும் 500 மட்டும் அச்சிட்டார். அதே மாதம் 30ஆம் தேதி கவர்னரின் மனைவி சீமாட்டி கோம் வைத்த மாறுவேட நடன விருந்தின் அழைப்பிதழ்களை அனுப்ப, புத்தம்புதிய அந்தத் தலைகளை எடுத்து ஒட்டினார்கள். மிஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. 1993ல் மொரீஷியஸ் நிறுவனங்கள் சில சேர்ந்து, இரண்டு வகையிலும் ஒவ்வொன்றைப் பெரும் விலை கொடுத்து வாங்கித் தீவுக்கே கொண்டுவந்தன. போர்ட் லூயிஸ் நீல பென்னி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மங்கிவிடக்கூடாது என்று மணிக்குச் சில நிமிடம் மட்டுமே விளக்குப் போடுகிறார்கள். மற்ற நேரம் நகலைத்தான் பார்க்கலாம். டிக்கெட் வாங்கும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தபால்தலைக்காரர்கள் விலையைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அந்த அழைப்பிதழ்தான் முக்கியம். யாருக்கு அழைப்புப் போனது, யாருக்குப் போகவில்லை என்பதில்தான் காலனி ஆட்சியின் முழு வரைபடமும் இருக்கிறது. கரும்பு முதலாளிகளுக்கு வரும், பெரிய வியாபாரிகளுக்கு வரும், படை அதிகாரிகளுக்கு வரும். அதே 1847ல் தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ரெதுயி என்பது தூரத்தில் தெரியும் கூரைகூட இல்லை.

கவர்னரையே விரட்டும் ஊர்

மாளிகையின் பகட்டைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பவர் சர்வ வல்லமை படைத்தவர் என்று நினைப்பதுதான் புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் இடறும் இடம். மொரீஷியஸ் அதற்கு நேர்மாறான பாடம்.

பிரெஞ்சுப் புரட்சி அடிமை முறையை 1794ல் ஒழித்தது. அந்தச் சட்டத்தை இங்கே அமல்படுத்த 1796ல் பாகோ, பூர்னெல் என்ற இரண்டு ஆணையர்கள் கப்பலேறி வந்தார்கள். தோட்டக்காரர்கள் திரண்டு நின்று, வந்த சில நாட்களிலேயே இருவரையும் வேறொரு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் மலார்த்திக். அவர் தடுக்கவில்லை; தடுத்திருந்தாலும் நடந்திருக்காது. சட்டம் பாரிஸில் இருந்தது, அடிமை முறை இங்கே தொடர்ந்தது. பின்னால் நெப்போலியன் அடிமை முறையையே சட்டமாக்கிக் கொடுத்துவிட்டார்.

கொடி மாறிய பிறகும் இதே நாடகம். 1832 ஜூனில் அடிமை ஒழிப்பை ஆதரிப்பவர் என்று பெயரெடுத்த ஜான் ஜெரமி அரசு வழக்கறிஞராக வந்து இறங்கினார். ஊர் மொத்தமும் கடையடைத்தது. துறைமுகத்தில் வேலை நின்றது. கவர்னர் கோல்வில்லிடம் துருப்புகள் இருந்தும், ஜூலை முடிவதற்குள் ஜெரமியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. லண்டன் மறு வருடம் படையோடு அவரை மறுபடி அனுப்பியது. போர்ட் லூயிஸுக்கு மேலே குன்றின்மீது கறுங்கல் கோட்டை ஒன்று இருக்கிறதே, சித்தாடெல், அது 1834ல் தொடங்கிக் கட்டியது. துறைமுகத்தைக் காப்பதற்கு என்றார்கள். ஊரையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளத்தான் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நான் ஊர்க்காரர்கள் கட்சி.

அடிமை முறை 1835 பிப்ரவரி 1ல் ஒழிந்தது. அதே சமயத்தில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு மாளிகை என்பது மனுப்போடும் இடம். ஒப்பந்தம் முடிந்தவர்கள்கூடப் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867ல் சட்டம் வந்தது. சீட்டு இல்லாமல் தெருவில் நடந்தால் பிடித்து உள்ளே போட்டார்கள். 1871ல் அதோல்ஃப் தெ பிளேவிட்ஸ் என்ற ஐரோப்பியர் தொழிலாளர் பக்கம் நின்று ஒரு மனுவைத் தயாரித்தார். 9,401 பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். மனு கவர்னர் ஆர்தர் கார்டனிடம் போனது. தோட்டக்காரர்கள் பிளேவிட்ஸைத் தெருவில் அடித்தார்கள். கார்டன் மனுவைக் குப்பையில் போடவில்லை. மறு வருடம் லண்டனிலிருந்து விசாரணைக் குழுவே வந்தது. கவர்னர் மாளிகையின் நல்ல பக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால் உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கு அவர் கடன்பட்டிருக்கவில்லை. எல்லா கவர்னரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன்.

1901ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் காந்தி மொரீஷியஸில் இறங்கினார். அப்போதைய கவர்னர் சார்லஸ் புரூஸின் விருந்தினராக ஓர் இரவு தங்கினார். கதர் வேட்டி காந்தி அல்லர் அவர். கோட்டுப் போட்ட வக்கீல் காந்தி.

யார் வீடு இப்போது?

1947 வரை வாக்குரிமை சொத்துக்காரர்களுக்குத்தான். அந்த வருடத்து அரசியல் சட்டம், தனக்குத் தெரிந்த மொழியில் ஓர் எளிய வாக்கியத்தை எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றது. ஏற்றுக்கொள்ளப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. சுமார் 12,000 ஆக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 70,000க்கு மேல் தாவியது. கோயில் திண்ணையிலும் பைத்கா எனும் கிராமத்துச் சமூகக் கூடத்திலும் மாலை நேரத்தில் எழுத்துக் கற்றவர்கள் 1948 தேர்தலில் வரிசையில் நின்றார்கள். போர்ட் லூயிஸ் அரசு இல்லத்தில் கூடிய சபையின் முகம் அந்த ஒரு தேர்தலிலேயே மாறிப்போனது. மாளிகை வரலாற்றில் இதைச் சேர்ப்பது சிலருக்கு விநோதமாகப் படலாம். எனக்கு 1748க்கு அடுத்து முக்கியமான ஆண்டு 1948தான்.

1968 மார்ச் 12ல் சுதந்திரம் வந்தபோது பிரிட்டிஷ் கவர்னர் ரென்னியே முதல் கவர்னர் ஜெனரலாக ரெதுயியில் தொடர்ந்தார். மொரீஷியஸ்காரர் ஒருவர் அந்தப் பதவியில் உட்கார 1970கள் வர வேண்டியிருந்தது. நாட்டின் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் வாழ்க்கையின் கடைசிக் காலத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்து, 1985 டிசம்பரில் ரெதுயியிலேயே காலமானார். அவருக்கு அடுத்து வந்தவர் வீராசாமி ரங்காடு, தமிழ் வம்சாவளியினர். 1992 மார்ச் 12ல் நாடு குடியரசானபோது கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்த அவரே முதல் குடியரசுத் தலைவரும் ஆனார்; சில மாதங்கள்தான். 2018லும் தமிழ் வம்சாவளித் துணைத் தலைவரான பரமசிவம் பிள்ளை வையாபுரி தற்காலிகத் தலைவராகப் பொறுப்பேற்றார். எங்கள் வட்டாரத்தில் அன்றைக்கு இனிப்பு வாங்கியவர்கள் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, இன்றைய குடியரசுத் தலைவருக்கு ஆட்சி அதிகாரம் மிகக் குறைவு, ஆள்வது பிரதமர். வீடு பெரியதாகவே இருக்கிறது, வேலை சுருங்கிவிட்டது. பதவிப் பிரமாணம், விருது வழங்கல், தூதர்களை வரவேற்பது. தெக்கானின் சாப்பாட்டு மேசை வேலையில் எஞ்சியது இதுதான். போர்ட் லூயிஸ் வீட்டின் அருகில் நாடாளுமன்றம் இருக்கிறது. சட்டம் அங்கே இயற்றப்படுகிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: போர்ட் லூயிஸ் அரசு இல்லத்தை வேலிக்கு வெளியே நின்று எந்த நாளும் பார்க்கலாம், சதுக்கத்துப் பனை வரிசையின் கீழ் நின்றால் 'ப' வடிவம் நன்றாகத் தெரியும். ரெதுயி அப்படியல்ல. குடியிருக்கும் வீடு என்பதால் ஆண்டுக்கு ஓரிரு நாள்தான் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள், தேதியைச் செய்தித்தாளில் அறிவிப்பார்கள். போர்ட் லூயிஸிலிருந்து மெட்ரோவில் வருபவர்கள் ரோஸ் ஹில்லில் மாறி ரெதுயி வண்டியைப் பிடிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் இறங்கும் இடம்தான். உள்ளே போனதும் எல்லோரும் வராந்தாவில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்தின் கடைக்கோடிவரை நடந்து போங்கள். 'உலகின் விளிம்பு' என்று இங்கே அழைக்கும் அந்த முனையில் நின்று கீழே இரண்டு பள்ளத்தாக்கும் சேர்வதைப் பார்த்தால், தவித் ஏன் இந்த இடத்தைப் பிடித்தார் என்பது விளக்காமலே விளங்கும். காலையிலேயே போய்விடுங்கள், மோக்காப் பக்கம் மதியத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது.